"அவன் அப்படித்தானே" என்று சொல்லலாமா?



பள்ளிவாசல்துறைக் கரையில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வயது மகன். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவன். ஆனாலும் வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக் கொடுப்பான். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவான். கோயில் மணி கேட்டால் வீட்டில் முதலாவதாகப் புறப்படுவான். இப்போது மூன்று மாதமாக இரவில் தூங்குவதில்லை. சோற்றுத் தட்டை எறிகிறான். தாயின் கையைக் கடித்துவிட்டான். அயலார் என்ன சொல்வார்கள்? "அவன் அப்படித்தானே, புத்தியில்லாத பிள்ளை" என்பார்கள்.

அவன் அப்படி இருக்கவில்லையே! மூன்று மாதத்துக்கு முன் வேறு விதமாக இருந்தானே! வாயால் சொல்ல முடியாதவனின் நோயை அவனுடைய குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்ல. ஒரு குறைபாட்டின் நிழல் மற்ற நோயை மறைத்துவிடும் இந்தத் தவறுக்கு ஸ்டீவன் ரைஸ் என்ற அமெரிக்க உளவியலறிஞரும் அவருடைய தோழர்களும் 1982இல் பெயரே வைத்தார்கள். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் இப்படிப்பட்ட 1,023 பேரைப் பரிசோதித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான நடத்தைக் கோளாறுகளையும் சேர்த்து, 40.9 சதவீதமானோருக்கு மனநலக் குறைவு காணப்பட்டது. குறைபாடுள்ளவனுக்கு மனநோய் வராது என்பது நம் கற்பனை.

முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிச் சாவான பாவமில்லை என்று ஞானோபதேசத்தில் படித்தோம். பாவசங்கீர்த்தனத்தில் நமக்காக அதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். இந்தப் பிள்ளை தட்டை எறிந்தால் மாத்திரம், "வேண்டுமென்றே செய்கிறான்" என்று கையை ஓங்குகிறோம். எந்த நியாயத்தில்?

நல்ல தாதி முதலில் உடம்பைப் பார்ப்பாள். பல்வலியா, காதில் சீழா, மலச்சிக்கலா, வலிப்பா என்று தேடுவாள். பிறகு வீட்டாரிடம் கேட்பாள்: முன்பு எப்படித் தூங்கினான்? எதற்குச் சிரிப்பான்? எப்போது மாறினான்? பிள்ளையை மற்றவர்களோடு ஒப்பிடாமல் பழைய அவனோடு ஒப்பிடுவாள். ஆகவே தாயின் ஞாபகமே அங்கே பெரிய மருத்துவக் கருவி. மருந்து தொடங்கினால் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். கை நடுங்குகிறதா, உடம்பு விறைக்கிறதா, வாய்நீர் வடிகிறதா என்று வீட்டிலும் கவனித்துச் சொல்ல வேண்டும். பிள்ளை மூலையில் மரம்போல் அடங்கிக் கிடப்பதைச் சுகம் என்று எண்ணிவிடாதீர்கள். தலவிலில் புனித அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தாயிற்று என்று வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவோரும் உண்டு. அது உயிருக்கே ஆபத்து. அன்னம்மாள் அப்படிக் கேட்டதாக நான் அறியேன்.

இன்னொன்று. தகப்பன் இறந்தால் இந்தப் பிள்ளையைச் செத்த வீட்டில் வைத்திருக்க மாட்டோம். அயல்வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். "அவனுக்கு என்ன விளங்கும்?" என்போம். அடக்கம் முடிந்து திரும்பி வருகிறவன் தகப்பனைக் காணான். எங்கே என்று கேட்கவும் தெரியாது. யாரும் சொல்லவும் மாட்டார்கள். சில மாதங்கள் கழித்து அவன் தலையைச் சுவரில் மோதும்போது, அதைத் துக்கம் என்று யார் கண்டுபிடிப்பார்? அவனையும் பெட்டியருகே கூட்டிச் செல்லுங்கள். குளிர்ந்த அந்தக் கையைத் தொடட்டும். கல்லறைக்கு ஒரு பிடி மண் அவனும் போடட்டும்.

கட்டிவைப்பதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். மன்னார்க் குடாவுக்கு அக்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலையில் ஒரு தனியார் மனநோயாளர் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்களல்லர். குணம் கிடைக்கும் என்று நம்பித் தர்காவுக்கு அழைத்து வந்தவர்கள் அவர்களில் பலர்.

அந்த நாள் நமக்கு ஆண்டவர் உருமாறிய திருநாள். மாற்கு நற்செய்தியில் அவர் மலையிலிருந்து இறங்கியதும் சந்திப்பது யாரை? நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகின்ற ஒரு மகனையும், சீடர்களிடம் கொண்டுவந்தும் பயன் காணாத தகப்பனையும். ஆண்டவர் உடனே குணமாக்கிவிடவில்லை. எவ்வளவு காலமாக இப்படி என்று தகப்பனிடம் முதலில் கேட்கிறார். பதில் சொல்ல இடம் கொடுக்கிறார்.

கடலும் கிணறும் அருகே இருக்க, தனியொருத்தியாய் மகனைக் காக்கிற தாய் கயிற்றை எடுத்தால் அவளைக் குற்றம் சாட்ட எனக்கு மனமில்லை. கயிறு தவறுதான். ஆனால் அவள் கண்ணயரும் நேரத்தில் அவனைப் பார்த்துக்கொள்ள யார் போனோம்? புத்தளம் வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் போகும்போது அவன் கூச்சலிட்டால், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு அஞ்சியே பல தாய்மார் சிகிச்சை நாளைத் தவறவிடுகிறார்கள். உங்கள் பங்கில் அப்படி ஒரு வீடு இருக்கிறதா? அடுத்த சிகிச்சை நாள் எப்போது என்று அந்த அம்மாவிடம் கேட்டு, அன்று காலை பஸ்ஸில் அவனுக்கு மறுபக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.