பயனே அறமாகுமோ?

உயிர்களைக் காத்தற்கு அமைந்த அரசன், தான் மேற்கொள்ளுஞ் செயலை அறமோ மறமோ என ஆராய்தல் வேண்டுமோ, அன்றிக் கருதிய பயனைத் தருமோ தாராதோ என்பதொன்றனையே ஆராய்ந்து அமையலாமோ என்பது ஈண்டு எழும் வினா. பிந்தியதே அரசியலின் உண்மையெனத் துணிந்து கூறுவார் இக்காலத்துப் பலர். அவர் கூற்றின்வழி ஒரு நாடு ஆளப்படுமாயின் அதன்கண் வாழ்வார் நிலை யாதாகும் என்பது ஊகத்தான் மட்டும் அறியவேண்டுவதன்று. சோவியத் நாட்டினை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆண்டு 1953-ல் மறைந்த ஸ்டாலின் காலத்துச் செய்திகள் அதனைத் தெளிவிக்கும்.

1928-ல் அந்நாட்டில் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிற்று. தொழிற்சாலைகளுக்கு வேண்டும் பொறிகளை அயல்நாட்டினின்று வாங்குதற்குப் பொருள் வேண்டும். அப்பொருளுக்குத் தானியம் வேண்டும். ஆதலின் உழவர் நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாக்கப்பட்டன. செல்வமுடைய உழவரெனக் குறிக்கப்பட்டார் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் 1930, 1931 ஆகிய ஈராண்டுகளில் சேய்நிலங்கட்குக் கடத்தப்பட்டனர். 1932 ஆகஸ்டு 7-ல் பிறந்த சட்டத்தால், பசிக்கொடுமையாற் பண்ணை வயலிற் சில கதிர் கொய்தாரும் கொலைத்தண்டத்துக்கோ பத்தாண்டுச் சிறைக்கோ உரியராயினர். உக்ரேன், கசாக்ஸ்தான் முதலிய நிலங்களில் அக்காலத்து எழுந்த பஞ்சத்தில் மாண்டார் 50 இலட்சத்திற்குக் குறையார். அவ்வாண்டுகளினும் தானியம் கப்பலேறி அயல்நாடு சென்றுகொண்டேயிருந்தது. பசித்த உழவர் ஊர்விட்டுப் பிழைக்கச் செல்லுதலும் 1933 சனவரியில் தடுக்கப்பட்டது.

பின்னர் 1937 சூலைத் திங்களில் ஓர் ஆணை பிறந்தது. இன்ன மாகாணத்தில் இத்துணையர் சுடப்படுக, இத்துணையர் சிறைமுகாம் புகுக என்று தொகை வகுத்துரைத்தது அவ்வாணை. குற்றம் முன்னும் தண்டம் பின்னுமாதல் முறை. ஆண்டோ தொகை முன்னும், ஆள் அதன் பின்னும், குற்றம் அதற்கும் பின்னுமாயின. 1937, 1938-ல் கொலையுண்டார் அவ்வரசின் கணக்குப்படியே 6,80,000-க்கு மேற்பட்டார்.

இதன்கண் உள்ள பிழையின் வேர் யாதோவெனின், கூறுதும். பதி, பசு, பாசம் எனப் பொருள் மூன்று. இவற்றுள் மாயாகாரியமாகிய மண்ணும் மரமும் இரும்பும் சடம். பிறர்க்குப் பயன்படுதலே அவற்றின் இயல்பு. உயிரோ அறிவுடைப்பொருள், தான் உய்தற்பொருட்டே உடல் பெற்று வந்தது. பயனொன்றே கருதும் அரசன் இவ்வேறுபாட்டை மறந்து, உயிரையும் இரும்போடு ஒருங்கு வைத்து எண்ணுகின்றான்.

அவ்வாட்சியின்கீழ் உயிரோடிருந்தார் எய்திய கேடும் சிறிதன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. அச்சத்தைச் சார்ந்தோர் அச்சமேயாயினர். அயலான் அயலானைக் காட்டிக்கொடுத்தான். நள்ளிரவிற் கதவு தட்டப்படுமென்று துணிமூட்டை கட்டிவைத்துத் துயின்றாரும் உளர்.

அற்றேல், ஆலைகள் எழுந்தனவே, 1945-ல் அந்நாடு பகைவென்றதே, அவை பயனல்லவோ எனின், அப்பயன் துய்த்தார் வேறு, மாண்டார் வேறு என்க. ஓருயிரின் மலபரிபாகம் பிறிதோருயிர்க்கு ஆகாதவாறு போல, ஓருயிரின் வாழ்வைப் பறித்து மற்றொன்றின் கணக்கில் வைத்தலும் கூடாது.

மாண்டார் தத்தம் வினையான் மாண்டார், அரசன்மேற் குற்றமென்னையெனின், நுகர்ந்தார்க்கு அது பிராரத்தமேயாயினும், செய்தான் தன் கருத்தின்வழிச் செய்தமையின் அவனுக்கு அது ஆகாமியமாய் ஏறும்.

இறைவனும் அழித்தற்றொழிலுடையன், மறக்கருணையும் செய்வன். அரசன் வன்கண்மை அதனோடு ஒக்குமெனின், அஃது ஒவ்வாது. என்னை? பதி தன்பொருட்டு ஒன்றும் வேண்டான். அவன் செய்யுஞ் சங்காரம் பிறந்திறந்து எய்த்த உயிர்க்கு இளைப்பாற்றல். அவன் தருந் துன்பம் அதனையுற்ற அவ்வுயிரின் மலங்கழிதற்கே. புண்ணை அறுக்கும் மருத்துவன் அந்நோயாளன் பிழைத்தற்கே அறுப்பன். ஆண்டோ ஒருவன் துன்புற, மற்றொருவன் பயன்கொண்டான்.

இனி, அவ்வரசன் விரும்பிய பயன்றானும் முற்றக் கிடைத்ததோவெனின், அதுவும் இல்லை. 1937 சனவரியில் எடுத்த குடிக்கணக்கில் மக்கள் 16.2 கோடியென வந்தது. திட்டம் எதிர்நோக்கியதோ 18 கோடி. மாண்டார் தொகை அவ்விடைவெளியில் வெளிப்பட்டமையின் கணக்குச் செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. அதன் தலைமை அலுவலர் கிராவல் அவ்வாண்டே சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மை உரைத்தார்க்கு உயிர் தங்காதவிடத்துப் பயன்படும் உண்மை அரசன் செவிக்கு யாங்ஙனம் எய்தும்?

அக்குடிக்கணக்கில் மற்றொரு வினாவும் இருந்தது. கடவுள்நம்பிக்கை உண்டோ இன்றோ என்பது. கோயில்கள் பல மூடப்பட்டு, குருமார் பலர் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டு கழிந்தபின்னும், 16 ஆண்டு நிரம்பினாருள் 100-க்கு 55 பேருக்கு மேற்பட்டார் உண்டென்றே அரசு அலுவலர் முன் விடையிறுத்தனர். ஆணவம் உயிரின் அறிவை மறைக்குமேயன்றி அழிக்கமாட்டாது. அச்சமும் அத்தகையதே. அந்நாடு 1991-ல் கலைந்தது. அவ்விடை இன்றும் ஏட்டில் உள்ளது.

ஆதலின், பயனே அறமென்னுங் கொள்கை பேரரசர்க்கு மட்டும் உரிய பிழையென்று சைவமக்கள் அமைந்திருத்தல் தகாது. தன் இல்லத்து ஏவலாளனை, கோயிலிற் பணிசெய்வானை, மடத்தின் மாணாக்கனை, அவனால் யாது பயன் என்றுமட்டும் நோக்கும்பொழுது அப்பிழையே சிறுவடிவில் நிகழ்கின்றது. ஒவ்வோருயிரும் சிவனுக்கு உடைமை, அவன் திருவடி சேர்தற்குரியது என்னும் நினைவே ஆள்வாரையும் ஆளப்படுவாரையும் காக்கும்.

திருச்சிற்றம்பலம்.