பலிப்பலகை

கல் கிடைக்காத நாடு நம் தஞ்சைத் தரணி. காவிரி கொணர்ந்த வண்டலில் நெல் விளையும், பாறை தென்படாது. 1010-இல் நிறைவுற்ற பெரிய கோயிலுக்கும் கருங்கல்லை வெளியிலிருந்தே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே, நிலைத்திருக்க வேண்டியதைக் கல்லால் அமைத்து, தேயக்கூடியதை அதன்மேல் வைப்பது நாம் நன்கறிந்த முறை. நம் ஆலயங்களிலும் கற்பீடம் அப்படியே இருக்க, அதன்மேல் விரிக்கும் துகில் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

இம்முறையை இன்று மரவேலைப் பட்டறைகளிலும் காண்கிறோம். கணினியின் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் சி.என்.சி. இயந்திரங்கள் சிலவற்றுக்குக் கருங்கல்லே அடித்தளம். இரும்போடு ஒப்பிட்டால் கல் வெப்பத்தால் விரிவது குறைவு, அது துருப்பிடிப்பதில்லை, அதிர்வையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. ஆனால் மரத்தை முழுவதும் ஊடுருவி வெட்டும்போது, சுழலும் வெட்டுமுனை மரத்தைத் தாண்டிச் சற்றே கீழிறங்கியாக வேண்டும். அங்கே கல் இருந்தால் முனை முறியும், கல்லும் பழுதுபடும். ஆகவே இடையில் ஒரு பலகையைப் பொருத்துகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்றன் பொருள், பலிப்பலகை என்பதே.

அதைப் பொருத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பலகை ஐப்பசி மழையின் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். கல் அவ்வாறு அசையாது. எனவே பலகையைக் கல்லோடு ஒரேயடியாக ஒட்டிவிடுவதில்லை. கல்லில் துளையிட்டு, உள்மரை கொண்ட பித்தளைக் குழல்களைப் பசையால் பதித்து, அவற்றில் திருகாணிகளால் பலகையை இறுக்குகிறார்கள். வெட்டுமுனை தீண்டாதபடி திருகாணித் தலைகள் ஆழப் புதைக்கப்படுகின்றன. பிறகு இயந்திரமே பலகையின் மேற்பரப்பைச் சீவிச் சமன் செய்கிறது. தழும்புகள் மிகுந்தால் மீண்டும் சீவுவார்கள். சீவிச் சீவி மெலிந்தபின் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவார்கள்.

பொருளுலகில் இது குறையற்ற ஏற்பாடு. பலகைக்கு வலி இல்லை. வேறு வாழ்வும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கை மனிதரிடம் போட்டால் என்ன ஆகும்? பெரியதொன்று பழுதுபடாதிருக்கச் சிறியவர் ஒருவரைக் காயங்களுக்குக் கீழே கிடத்துவது அறமாகுமா?

இக்கேள்விக்கு ஆகும் என்று விடையளித்த ஒருவரை யோவான் நற்செய்தியில் சந்திக்கிறோம். அவர் தலைமைக் குரு கயபா. மக்களினம் முழுவதும் அழியாதிருக்க ஒரு மனிதர் இறப்பது நலம் என்று அவர் கணக்கிட்டார். அது கொடியவனின் வெறிக்கூச்சல் அன்று. பொறுப்புள்ள நிருவாகியின் நிதானமான ஆலோசனை. அதனாலேயே அது அச்சந்தருகிறது.

நம் டெல்டாவின் பசுமைக்கு அடியிலும் அந்தக் கணக்கு இருந்ததை மறக்கவியலாது. நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தலைமுறை தலைமுறையாக வெட்டுகளை வாங்கியவர்கள், தாங்கள் பலகையல்லர் என்று சொன்னதே அவர்கள் செய்த குற்றம்.

உழைக்கும் மனிதரை வெறும் கருவியாகக் கொள்வது மனித மாண்பைத் தலைகீழாக்குவதாகும் என்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் தம் தொழில் பற்றிய சுற்றுமடலில் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை பண்ணையார்களுக்கு மட்டுமே உரியதா? தம்பியின் படிப்புக்காகப் பள்ளியைவிட்டு நிறுத்தப்பட்ட அக்கா நம் வீடுகளில் இல்லையா? குடும்ப மானம் என்னும் கல்லில் கீறல் விழலாகாதென்று வாய்மூடப்பட்ட மருமகள் இல்லையா? நிறுவனத்தின் நற்பெயர் காக்க, பாதிக்கப்பட்டவரையே பொறுத்துப்போகச் சொல்லும் வழக்கம் நம் நடுவே இல்லையா?

தியாகம் கிறிஸ்தவப் பண்பல்லவா என்று சிலர் கேட்கலாம். ஆம், ஆனால் தியாகம் என்பது ஒருவர் தாமே தருவது, பிறர் அவரிடமிருந்து எடுப்பதன்று. பிள்ளைகள் உண்ணட்டும் என்று தாய் தானாகப் பசித்திருப்பது அன்பு. அவள் பசித்திருக்க வேண்டும் என்று மற்றவர் விதிப்பது கொடுமை. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால்தான், இரண்டாவதை முதலாவதன் பெயரால் அழைத்து நம் மனச்சான்றை உறங்கவைக்கிறோம். இயேசு தம் உயிரைத் தாமே கையளித்தார். அந்த விடுதலை உள்ளம் அவரை மீட்பராகக் காட்டுகிறது. ஆனால் அது கயபாவைக் குற்றமற்றவராக்கிவிடவில்லை. பிறர் சுமக்கும் சிலுவையைப் புகழும் முன்னர், அதை அவர்தம் தோளில் ஏற்றியது எவர் கை என்று பார்ப்பது நம் கடமை.

பட்டறையில் கல் வேறு, பலகை வேறு. விசுவாசத்தில் அப்படியல்ல. நம் மூலைக்கல்லாக நாம் போற்றுகிறவர், உதவாதவரென்று நகருக்கு வெளியே எறியப்பட்டவரே. ஆகவே கல்லைக் காப்பதாகச் சொல்லி நாம் யாரைக் காயப்படுத்தினாலும், நம் வெட்டுமுனை தொடுவது அந்தக் கல்லையேதான்.