ஊட்டமும் கொல்லும்



கொலை என்றதும் நம் மனம் கத்தியையும் நஞ்சையும் எண்ணும். உணவை மிகுதியாய் ஊட்டியும் உயிர்களைக் கொல்லலாம் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தொழுவோர் தூத்துக்குடிக் கடலையும் கண்டு மீள்வர். முத்துக்குளிப்பால் பெயர் பெற்ற அக்கடலில், பாம்பன் வரை தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் உள்ளன. பவளம் கல்லன்று, உயிர். நீரில் மிதந்து வரும் அதன் இளவுயிர் வெற்றுப் பாறையில் ஒட்டிச் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது. கிளைப்பவளம் விரைந்து வளரும்; உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். பின்னர் இடுக்குகளில் நண்டும் மீனும் குடிபுகும். மீன்கள் பாசியை மேய்ந்து, இளம் பவளத்துக்கு இடம் உண்டாக்கும். பவளத்தின் உடலுள் வாழும் நுண்பாசி, கதிரொளியால் உணவு சமைத்து அதற்கு அளிக்கும். இத்தனையும் சத்துக் குறைந்த தெளிநீரில்! வறுமையிலும் பகிர்ந்துண்ணும் இல்லறம் என்றே இதனைச் சொல்வேன்.

அந்நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்தால் பாசி பெருகிப் பவளத்தை மூடும். மிதவை நுண்ணுயிர்களும் அவற்றை உண்பனவும் அளவிறந்து பெருகும். 2019 செப்டம்பரில் மண்டபத்தை அடுத்த கடல் பச்சையாயிற்று. நாக்டிலூகா என்னும் ஓரணுவுயிரின் பெருக்கம் அது. அவை மடிந்து அழுகுகையில் நீரிலுள்ள ஆக்ஸிஜன் தீர்ந்தது. மீன்கள் செத்துக் கரையொதுங்கின. சிங்கில் தீவருகே ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிப் பவளங்கள் மாண்டதைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்தனர். 2008 அக்டோபரிலும் இவ்வளைகுடாவில் இத்தகைய பெருக்கம் நேர்ந்தது.

முழுப்பழியும் நம் கழிவின்மேல் சுமத்துவது வாய்மையாகாது. பருவக்காற்றும் நீரோட்டமும்கூடச் சத்தைக் கொணரும். ஆயினும், புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி வயல்களின் வடிநீரையும் ஏந்தி வருகிறது. பக்கிள் ஓடை நகரின் கழிவுநீரைக் கடலுக்குக் கொணர்ந்திருக்கிறது. அவை நாம் சேர்ப்பவை அல்லவா?

வினை உயிரில் புகுவதை ஊற்று என்றும், அதனை அடைப்பதைச் செறிப்பு என்றும் நம் பெரியோர் வகுத்தனர். வரத்துக்காலை அடைக்காமல் குளத்து நீரை இறைத்துப் பயனில்லை என்று அதனை விளக்குவர். கடலுக்கும் அதுவே முறை. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் பொன்னோடும் நிலத்தோடும் நின்றுவிடுமா? பயிர் உண்ணாத உரமும் மிகுபொருளே.

நம்மவரில் உழவர் பலர். மண்ணைச் சோதித்தபின் உரமிடுங்கள். மழை திரண்டிருக்கும் நாளில் யூரியா தூவாதீர்கள். வடிகாலின் ஓரம் புல் வளர விடுங்கள். வழிந்தோடும் சத்தில் ஒரு பகுதியை அது தடுத்துக்கொள்ளும். கன்றுக்கும் ஆகும்.