மறைப்பது அன்பாகுமா?



நம்மவர் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், முதலில் எழும் பேச்சு மருந்தைப் பற்றியதன்று. "அத்தாவுக்குத் தெரிய வேண்டாம்" என்பதே முதல் பேச்சு. மூத்த மகன் டாக்டரைத் தனியே கண்டு, "குடலில் புண் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்கிறான். மனைவி, மக்கள், மருமக்கள் எல்லோரும் ஒரே வாக்காக நின்றுவிடுகிறார்கள். இதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, பாசத்தினால் செய்கிறார்கள். ஆனால் பாசத்தினால் செய்ததெல்லாம் நியாயமாகிவிடுமா? இதைத்தான் நாம் சற்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

மறைக்க வேண்டும் என்பாரின் வாதத்தை முதலில் கேட்போம். செய்தி காதில் விழுந்தால் மனம் உடைந்துவிடும், சோறு இறங்காது, தூக்கம் போய்விடும், இருக்கும் நாட்களையாவது நிம்மதியாகக் கழிக்கட்டும் என்கிறார்கள். இது நம்மவர் மட்டும் கொண்ட எண்ணமன்று. 1961-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரில் 219 டாக்டர்களைக் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நோயாளியிடம் சொல்லாமலிருப்பதே தங்கள் வழக்கம் என்றார்களாம். ஜப்பானியச் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ 1989 ஜனவரியில் காலமான பிறகுதான் அவருக்கு வந்தது புற்றுநோய் என்று ஊருக்கு அறிவித்தார்கள். ஆனால் 1979-ல் அமெரிக்க டாக்டர்களிடம் அதே கேள்வியை மறுபடியும் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொல்லிவிடுவதே தங்கள் விருப்பம் என்றார்கள். இடையிலிருந்த பதினெட்டு ஆண்டுகளில் சிகிச்சை வளர்ந்தது. தன் உடம்பைப் பற்றி அறியும் உரிமை நோயாளிக்கு உண்டென்ற எண்ணமும் வளர்ந்தது.

நம் சிங்கப்பூரையே பாருங்கள். 1992 நவம்பரில் துணைப் பிரதமர்கள் இருவருக்கும் நிணநீர்ப் புற்றுநோய் என்று நாடறியச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான திரு. ஓங் தெங் சியோங், மறு ஆண்டே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபரானார், 2002-ல்தான் காலமானார். மற்றவரான திரு. லீ சியன் லூங் சிகிச்சையில் குணமாகி, 2004 முதல் 2024 வரை பிரதமராக இருந்தார். இடையே 2015-ல் வேறொரு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று நாம் சொல்லவில்லை. ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. ஆயினும் பெயரைக் கேட்டதும் ஒரு மனிதன் அன்றோடு முடிந்துபோவதில்லை என்பது கண்கூடு.

அன்றியும், சிகிச்சைக்கே நோயாளியின் அறிவு தேவைப்படுகிறது. கீமோதெரபி மருந்து ஏறியவர்களுக்கு இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடுவதுண்டு. அச்சமயம் 38 டிகிரிக்குக் காய்ச்சல் ஏறினால் இரவென்றும் பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். தமக்கு ஏறியது என்ன மருந்து என்றே அறியாத பெரியவர் என்ன செய்வார்? கடைக்கல்லாவில் உட்கார்ந்தபடியே இரண்டு பனடோல் விழுங்கிவிட்டு வியாபாரத்தைக் கவனிப்பார். அன்பினால் மறைத்தது உயிருக்கே ஆபத்தாய் முடியும்.

வியாபாரிகளாகிய நமக்கு இதில் இன்னொரு விஷயமும் உண்டு. நம் கணக்கில் பாதி பேரேட்டில் இருக்கிறது. பாதி மனதில் இருக்கிறது. மொத்தக் கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி, கூட்டாளியின் பங்கு, ஊரிலுள்ள தங்கையின் நகைக்கடன், நம்பி ஒருவர் கொடுத்துவைத்த அமானிதம், இவையெல்லாம் பல சமயங்களில் அந்த ஒருவருக்கே தெரியும். அவற்றைத் தீர்க்க அவகாசம் இருக்கிறதா இல்லையா என்பதை அவரிடமிருந்து மறைப்பது, அவர் பொறுப்பிலுள்ள பிறர் ஹக்கையும் சேர்த்து மறைப்பதாகும். வாரிசல்லாதவருக்கோ தர்மத்துக்கோ மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் எழுத மார்க்கம் இடம் தந்திருக்கிறது. நாளிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பவர் எப்போது எழுதுவார்? ஈரத் தானியத்தின் மேல் காய்ந்த தானியத்தைக் குவித்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாறு நமக்கெல்லாம் தெரியும். சரக்கில் மறைப்பது பிழையென்றால், பெற்றவரின் ஆயுள் விஷயத்தில் மறைப்பதை என்னவென்று சொல்வது?

மேலும் இந்த மறைப்பு நிலைப்பதில்லை. லிட்டில் இந்தியாவில் எம்.ஆர்.டி. ஏறினால் நான்காவது நிறுத்தம் அவுட்ரம் பார்க். அங்கே தேசியப் புற்றுநோய் நிலையத்தின் பெயர்ப் பலகை கண்ணுக்கு முன்னே நிற்கிறது. நாற்பது வருஷம் சிராங்கூன் ரோட்டில் இன்வாய்ஸ் பார்த்த மனிதருக்கு அந்தப் பலகையைப் படிக்கத் தெரியாதா? தெரிந்துகொள்கிறார், பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் மறைக்கிறார். ஒரே வீட்டில் இரு தரப்பாரும் ஒருவருக்கொருவர் சிரித்துக் காட்டிவிட்டுத் தனித்தனியே அழுகிறார்கள். துணை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அவர் தனியாகிவிடுகிறார்.

அப்படியானால் எடுத்த எடுப்பில் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டுமா? அதுவும் கூடாது. "டாக்டர் சொல்வதையெல்லாம் நீங்களே கேட்க விரும்புகிறீர்களா, அல்லது எங்களிடம் சொன்னால் போதுமா?" என்று முதலில் அவரையே கேட்க வேண்டும். "மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என்பாராகில் அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்போம். அறியாமலிருக்கும் உரிமையும் அவருடையதே. அதை அவருக்காக நாம் எடுத்துக்கொள்வதுதான் தவறு. அறிய விரும்புவாராகில், கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கேட்கக் கேட்க, தாங்கும் அளவுக்குச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு இன்ன வழி உண்டு என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

சொல்லிவிட்டதோடு கடமை தீரவில்லை. மருந்து ஏறும் நாளில் உடன் போவது யார், அன்று கடை திறப்பது யார், வாய்ப்புண்ணுக்கு ஏற்றவாறு காரமில்லாத கஞ்சி வைப்பது யார் என்று குடும்பம் முறை போட்டுக்கொள்ள வேண்டும். 1964 முதல் இயங்கும் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் போன்ற அமைப்புகளிடம் உதவி கேட்பதில் வெட்கமில்லை. நாமும் நலம் விசாரிக்கப் போனால், கதவோரத்தில் மகனிடம் கிசுகிசுத்துவிட்டுத் திரும்பாமல், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடமே பேசுவோம்.

உண்மையைத் தாங்கும் பலம் நம் பெரியவர்களுக்கு இல்லை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து, கடன்பட்டுக் கடை வைத்து, நஷ்டத்திலும் நிலைகுலையாது நின்று நம்மை ஆளாக்கியவர்கள் அவர்கள். தம் ஆயுளின் கணக்கைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக.