காத்தல் எங்கே முடிகிறது?

கொல்லாமை ஜினதருமத்தின் வேர் என்பதை நம் குழந்தைகளும் அறிவர். எறும்பு ஊரும் இடத்தில் ஒதுங்கி நடக்கவும், இரவில் உண்ணாதிருக்கவும், நீரை வடிகட்டிப் பருகவும் அவர்கள் தாய்மடியிலேயே கற்கின்றனர். இவையெல்லாம் தீமை செய்யாதிருக்கும் அறங்கள். ஆயின், ஏற்கெனவே பிறரால் தீமைக்கு ஆளாகிக் கிடக்கும் ஓர் உயிரைக் கண்டபோது நம் கடமை யாது? அதைச் சாவிலிருந்து மீட்டுவிட்டால் அக்கடமை முடிந்துவிடுமா? ஒரு நாயின் வாழ்க்கை இவ்வினாவை நம் முன் நிறுத்தியது. அதனை அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் குடியிருந்த தெருவில் ஒரு குடும்பத்தார் வீட்டைக் காலி செய்துகொண்டு வேற்றூர் சென்றனர். ஒரு வாரம் கழிந்தபின் அவ்வீட்டின் கொல்லைப்புறத்திலிருந்து முனகல் ஒலி கேட்டது. மதில்மேல் ஏறிப் பார்த்தபோது, துவைக்கும் கல்லின் அருகே ஒரு கறுப்பு நாய் கட்டப்பட்டுக் கிடந்தது. தொட்டியில் தேங்கியிருந்த மழைநீரே அதன் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். உடலெங்கும் சொறி படர்ந்து உரோமம் உதிர்ந்திருந்தது. குட்டியாக இருந்தபோது கழுத்தில் கட்டிய கயிற்றை எவரும் தளர்த்தவில்லை. கழுத்து வளர வளரக் கயிறு தசைக்குள் புதைந்து, புண்ணில் புழு வைத்திருந்தது.

அந்நாயின் குரைப்பொலியை நாம் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டே வந்தோம். இரைச்சல் பொறுக்காமல் சன்னலைச் சாத்திக்கொண்டோமே அன்றி, அது ஏன் குரைக்கிறது என்று ஒரு நாளும் எண்ணினோமில்லை. இதனையும் இங்கு ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

கட்டுதலும் பட்டினியும்

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தார்க்கு உரிய கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினைக் குறித்துள்ளார். உயிர்களைக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. கொல்லாமல் விட்டோம் என்று நிறைவுகொள்ளும் இல்லறத்தானை, கட்டிய கயிறும் மறுத்த சோறும் விரதத்திலிருந்து வழுவச் செய்யும் என்பது ஆசாரியர் கருத்து. இவ்வைந்தனுள் கட்டும் பட்டினியும் அந்நாயின்மேல் ஒருங்கே நிகழ்ந்திருந்தன.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் ஏறத்தாழ இவற்றையே பேசுகிறது. நாயை எந்நேரமும் சங்கிலியில் பிணித்து உலவவிடாதிருத்தல், உணவும் நீரும் இருப்பிடமும் தராதிருத்தல், பசியாலும் தாகத்தாலும் வருந்துமாறு கைவிடுதல் ஆகியவை அதில் குற்றங்கள். முதற் குற்றத்திற்கு அச்சட்டம் விதித்த தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் உள்ள தொகையாகும். சட்டத்தின் தண்டம் சிறிது. வினையின் தண்டம் அவ்வாறன்று.

மருந்தும் ஓர் ஐயமும்

விலங்குக் காப்பகம் ஒன்றின் ஊர்தி வந்து நாயை எடுத்துச் சென்றது. நாமும் உடன் சென்றோம். பசித்த நாயாயிற்றே என்று நாம் கொண்டுசென்ற தயிர்ச்சோறு முழுவதையும் அதன் முன் வைக்க முற்பட்டபோது மருத்துவர் தடுத்தார். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென மிகுதியாக உணவு கொடுத்தால், குருதியில் உள்ள உப்புகளின் அளவு சட்டெனத் தாழ்ந்து இதயமே நின்றுவிடக் கூடுமாம். சிறிது சிறிதாக, நாளொன்றுக்குப் பலமுறை கொடுத்து, சில நாள்கள் சென்றபின்னரே வயிறார உண்ணவிடல் வேண்டும். அருளுக்கும் அளவறிதல் வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

அடுத்து எழுந்தது ஓர் ஐயம். மயக்கமருந்து கொடுத்துக் கயிற்றை அறுத்தெடுத்தபின், புண்ணிலிருந்த புழுக்களை மருத்துவர் ஒவ்வொன்றாக அகற்றினார். அவையும் உயிர்களே. ஐந்து பொறிகளை உடைய ஓர் உயிரைக் காக்கப் பொறி குறைந்த பல உயிர்களை மடியவிடலாமோ? கொல்லும் நோக்கத்தோடு செய்யும் இம்சை வேறு, இல்வாழ்வின் கடமைகளில் தவிர்க்கவியலாது நேரும் இம்சை வேறு என்று நம் நூல்கள் பகுத்துரைக்கின்றன. மருத்துவரின் கை கொல்லும் வேட்கையால் இயங்கவில்லை. எனினும், அதனால் மாசே இல்லை என்று கூற நாம் துணியவில்லை. அன்று மாலை பிரதிக்கிரமணத்தில் அப்புழுக்களையும் நினைந்து பொறுத்தருள வேண்டினோம். அப்போது ஓர் உண்மை விளங்கிற்று. ஓர் உயிரைக் காக்கப் பல உயிர்கள் மடிந்தன என்றால், காக்கப்பட்ட உயிரிடத்து நம் கடன் கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை.

நான்கு மாதங்களில் சொறி ஆறிற்று. கறுத்த உரோமம் பளபளப்புடன் முளைத்தது. வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் முடிந்தன. காப்பகத்தார் அதற்கு மணி என்று பெயரிட்டனர். உடல் தேறிய அளவுக்கு உள்ளம் தேறவில்லை. எவரேனும் கையை உயர்த்தினால் மூலையில் ஒடுங்கியது. கழுத்தருகே கை சென்றால் நடுங்கியது. பிறர் பார்க்கும்போது உண்ணாமல், ஆளரவம் அடங்கியபின் உண்டது. பணியாளர் ஒருவர் நாள்தோறும் அதன் அருகில் பேசாமல் கால்மணி நேரம் அமர்ந்திருப்பார். ஏறத்தாழ ஓராண்டு சென்றபின் அவர் மடியில் தானே வந்து தலை வைத்தது. இனி ஓர் இல்லத்திற்கு அனுப்பலாம் என்று காப்பகத்தார் முடிவு செய்தனர்.

இல்லம்தான் கிடைக்கவில்லை.

காத்திருந்த மூன்று ஆண்டுகள்

காப்பகத்திற்கு ஞாயிறுதோறும் மக்கள் வருவர். குட்டிகளைக் கேட்பர், உயர்ந்த சாதி நாய் உண்டா என்று கேட்பர். வளர்ந்த நாட்டு நாயின் முன் எவரும் நிற்பதில்லை. நின்ற ஒருவரும் கழுத்தின் தழும்பைக் கண்டு அப்பால் நகர்வார். ஒவ்வொரு முறையும் மணி கதவருகே வந்து வாலாட்டும். காலடி ஓசை தேய்ந்தபின் தன் சாக்கிற்குத் திரும்பும். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன.

அம்மூன்று ஆண்டுகளும் நாம் என்ன செய்தோம்? மகாவீர ஜெயந்தி அன்றும் தந்தையாரின் நினைவு நாளிலும் காப்பகத்திற்குப் பணம் அனுப்பினோம். ஓர் உயிரைக் காத்தோம் என்று உறவினரிடம் பலமுறை சொல்லிக்கொண்டோம். ஒருநாள் நேரில் சென்றபோது, அத்தனை பேருக்கிடையே மணி நம்மை அடையாளம் கண்டு கம்பிக்கிடையே மூக்கை நீட்டியது. நாம் நன்கொடைக்கு உரிய சீட்டைப் பெற்றுக்கொண்டு திரும்பினோம்.

தானம் நான்கு என்பர்: உணவு, மருந்து, கல்வி, அபயம். மணிக்கு உணவு கிடைத்தது; மருந்து கிடைத்தது. அபயம் கிடைத்ததா? அபயம் என்பது கொலையினின்று விடுவித்தல் மட்டுமன்று. அஞ்சாது வாழ இடமளித்தலும் ஆகும். வடபுலச் சமணர்கள் நெடுங்காலமாக நடத்திவரும் பிஞ்சராபோல்களில் முடமும் முதுமையும் எய்திய மாடுகள் இறுதிநாள் வரை காக்கப்படுகின்றன. மந்தையில் வாழும் மாட்டிற்குக் கொட்டிலும் தன் இனமும் இருந்தால் அமைதி உண்டு. நாயோ 15,000 ஆண்டுகளுக்குக் குறையாமல் மனிதனை அண்டியே வாழ்ந்து வந்த உயிர். அதற்கு மனித உறவே கொட்டில். கூண்டில் சோறு நிறைந்திருந்தாலும் அதன் குறை தீர்வதில்லை.

நாம் சொல்லிக்கொண்ட காரணங்கள்

மணியை நாமே இல்லத்திற்கு அழைத்து வந்திருக்கலாம். வாராமைக்கு மூன்று காரணங்களைச் சொல்லிக்கொண்டோம். நம் வாசகர் பலருக்கும் அவை தோன்றக்கூடியவை.

முதலாவது, நாய் ஊன் தின்னும் விலங்கு என்பது. அத்தகைய விலங்குகளை வளர்த்தல் பயனில்லாத் தீவினைக்கு இடம் தரும் எனச் சிராவகாசார நூல்கள் சில விலக்கியது உண்மையே. வேட்டைக்கும் காவற்கொடுமைக்கும் வளர்ப்பதை நினைந்தால் அவ்விலக்கின் நியாயம் விளங்கும். ஆயின், நாய் பூனையைப் போன்றதன்று. மனிதனோடு வாழ்ந்ததால் தானிய உணவைச் செரிக்கும் ஆற்றல் அதன் உடலிலேயே மிகுந்துள்ளது என்பதை 2013ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆய்வு காட்டிற்று. மருத்துவரைக் கலந்து, புரதமும் பிற சத்துகளும் குறையாமல் அமைத்தால், நாய் மரக்கறி உணவில் நலமாக வாழ இயலும்.

இரண்டாவது, மடைப்பள்ளியின் தூய்மை. திண்ணையும் கொல்லையும் உள்ள வீட்டில் இது தடையே அன்று. உண்மையில் தடையாக இருந்தது நம் சோம்பல்.

மூன்றாவது, பற்று. வளர்த்தால் பாசம் பெருகும், உடைமை கூடும் என்பது. இது மேலான காரணம் போலத் தோன்றும். விலை கொடுத்து உயர்சாதிக் குட்டியை வாங்கிப் பெருமைக்கு வளர்ப்பவர்க்கு அது பொருந்தும். அது ஈனுதலையும் விற்றலையும் வளர்க்கும் வாணிகம். எவராலும் வேண்டப்படாத உயிரை ஏற்பதில் பெருமை ஏது? மனை, வயல், நகை ஆகியவற்றில் பற்றை விடாத நாம், ஒரு நாயின் முன் மட்டும் பற்றின்மை பேசியது நமக்கே நகைப்பாக இருந்தது.

சீவகனும் நாயும்

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில், அந்தணர் அடித்ததனால் குற்றுயிராய்க் கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று என்று கண்டோம். அறத்தால் நாயும் தேவனாகலாம், பாவத்தால் தேவனும் நாயாகலாம் என்னும் கருத்தைச் சமந்தபத்திர ஆசாரியரும் இரத்தினகரண்டகத்தில் வைத்துள்ளார். இக்கதையை நாம் எத்தனையோ முறை கேட்டு உருகியுள்ளோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தோமில்லை. இறக்கும் நாய்க்குச் சீவகன் தந்தது சிறிது நேரம். அவன் தரக்கூடியதெல்லாம் அவ்வளவே, அதை முழுவதும் தந்தான். பிழைத்த நாய்க்கோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டும். சாவைக் கண்டு உருகும் அருள் எளிது. பிழைத்தபின் நாள்தோறும் சோறு வைக்கவும், நடுங்கும் உடலின் அருகே பொறுமையோடு அமரவும் கூடிய அருளே அரிது.

மணியைக் கடைசியில் ஏற்றுக்கொண்டவர் ஒரு தையற்காரர். காப்பக நாய்கள் படுக்கப் பழைய சாக்குகளை மெத்தையாகத் தைத்து மாதந்தோறும் கொண்டுவருபவர். நம் சமயத்தவர் அல்லர். இரண்டே அறைகள் கொண்ட வாடகை வீடு. எதனால் இந்த நாயைத் தேர்ந்தீர் என்று நாம் வினவினோம். “தேர்ந்தெடுக்கவெல்லாம் இல்லை ஐயா. நான் தைத்த மெத்தை நாலு தடவை கிழிந்துபோயிற்று, இது இன்னும் அங்கேயே கிடந்தது” என்றார். நாம் மறுமொழி கூற இயலாமல் நின்றோம். ஆகமம் கற்ற நாம் கணக்கிடாத காலத்தை அவர் சாக்கு மெத்தைகளால் கணக்கிட்டிருந்தார்.

ஒவ்வொருவரும் நாய் வளர்த்தல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. இடமும் உடல்நலமும் இல்லாதோர் உண்டு. அவர்கள் மாதம் ஒருமுறை காப்பகம் சென்று, எவரும் நாடாத ஓர் உயிரின் அருகில் அரைமணி நேரம் அமரலாம்; மனிதரிடம் அச்சம் தெளிந்த நாய் விரைவில் இல்லம் பெறும். இடம் உள்ளோர், குட்டியைத் தேடுமுன் நெடுநாளாகக் காத்திருப்பது எது என்று கேட்கலாம். எல்லோரும், அடுத்த வீட்டுக் கொல்லையில் இடைவிடாது குரைக்கும் ஒலி கேட்டால், சன்னலைச் சாத்துமுன் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

காத்தல் எங்கே முடிகிறது என்னும் வினாவோடு தொடங்கினோம். காக்கப்பட்ட உயிர் அச்சமின்றி உறங்கும் இடத்தில் அது முடிகிறது. அதுவரை நாம் செய்தது தொடக்கமே. அருளறம் வளர்க!