படபடப்பு நின்ற பிறகு

நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இதயம் துடிக்கிறது. நல்ல உடம்பில் அவற்றில் பெரும்பாலானவற்றை நாம் உணர்வதே இல்லை. திடீரென்று ஒருநாள், மாடிப்படி ஏறும்போதோ இரவில் ஒருக்களித்துப் படுக்கும்போதோ, நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தவறி அடுத்தது ஓங்கி அடிக்கிறது. அந்த நொடியிலிருந்து அந்த மனிதர் தன் இதயத்தைக் கேட்டுக்கொண்டே வாழத் தொடங்கிவிடுகிறார். டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து மாத்திரை எழுதித் தருகிறார். சில நாட்களில் படபடப்பு அடங்குகிறது. வீட்டில் எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். “சரியாப் போச்சு” என்கிறார்கள்.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் எனக்கு நெடுநாளாக யோசனை. படபடப்பு அடங்குவதும் ஆபத்து விலகுவதும் ஒன்றுதானா?

1980-களில் அமெரிக்க இதய மருத்துவர்கள் பலர் ஒன்றுதான் என்று நம்பினார்கள். மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்தவர்களில் சிலருக்கு இடையிடையே கூடுதல் துடிப்புகள் வரும். அப்படி வருகிறவர்கள் திடீரென இறந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்திருந்தது. அப்படியானால் கூடுதல் துடிப்பை அடக்கினால் சாவையும் தடுக்கலாம் அல்லவா? யாருக்கும் குறை சொல்லத் தோன்றாத நியாயம் அது. என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. டாக்டர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதிக் கொடுத்தார்கள், நோயாளிகளும் நம்பிக்கையோடுதான் விழுங்கினார்கள்.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஒரு பெரிய ஆய்வு நடந்தது. காஸ்ட் என்பது அதன் சுருக்கப் பெயர். முதலில் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, யாருக்குக் கூடுதல் துடிப்பு உண்மையிலேயே அடங்கியதோ அவர்களை மட்டுமே ஆய்வுக்குள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பாதிப் பேருக்கு மருந்து, மறுபாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 1989-ல் இந்த இரண்டு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 1991-ல் முழு விவரம் அச்சில் வந்தது. மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர்.

இந்த எண்களை வாசித்துவிட்டுச் சட்டென்று கடந்துபோக என்னால் முடியவில்லை. அந்த 63 பேருக்கும் மருந்து ‘வேலை செய்தது’. கூடுதல் துடிப்பு அடங்கியதைப் பார்த்த பிறகுதான் அவர்களை ஆய்வில் சேர்த்தார்கள். மாரடைப்பில் சேதமான இதயத் தசையில் தழும்பு இருக்கும். மின்னோட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் இந்த மருந்துகள், அந்தத் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வட்டமடிக்க வழிசெய்துவிடும் என்பது பின்னர் விளங்கியது. சின்னச் சின்னத் தவறான துடிப்புகளை அடக்கிய அதே மருந்து, உயிரைப் பறிக்கும் பெரிய தவறுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் அதே ஃபிளெகைனைடை இன்றும் டாக்டர்கள் எழுதுகிறார்கள், அதில் தவறும் இல்லை. தழும்போ அடைப்போ இல்லாத இதயத்தில், மேலறை தாறுமாறாகத் துடிக்கும் நோய்க்கு அது நல்ல மருந்துதான். மருந்து மாறவில்லை. அதை ஏற்கும் இதயம்தான் வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை நமக்கும் வாங்கிச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மேலறை தாறுமாறாகத் துடிக்கும் அந்த நோயைப் பற்றி 2002-ல் இன்னொரு பெரிய ஆய்வு வெளியானது. அஃபர்ம் என்ற அந்த ஆய்வில் 4,060 பேர் பங்கெடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குத் துடிப்பின் ஒழுங்கையே மீட்கப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு ஒழுங்கின்மையை அப்படியே விட்டுவிட்டு வேகத்தை மட்டும் குறைத்தார்கள். ஒழுங்கை மீட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்துவிடவில்லை. (நோய் தொடங்கிய புதிதிலேயே ஒழுங்கை மீட்டால் பயன் உண்டு என்று 2020-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. மருத்துவம் இப்படித் தன்னைத் திருத்திக்கொண்டே போவதை நான் மதிக்கிறேன்.) அஃபர்மில் என் நெஞ்சில் தங்கிய செய்தி வேறு. இரு பிரிவிலும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த வார்ஃபரினை நிறுத்தியிருந்தார்கள், அல்லது அது போதிய அளவில் அவர்கள் ரத்தத்தில் இல்லை. துடிப்பு சீராகிவிட்டதே, இனி இது எதற்கு என்று நினைப்பது இயல்பு. மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டி உருவாவதும், அது மூளைக்குப் போவதும் வலிக்காது, படபடக்காது. பக்கவாதம் வந்த பிறகுதான் தெரியும்.

இங்கே நம் வீடுகளுக்கு வருகிறேன். ஒரு மாலை மருந்துக் கடையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றிருந்தார். “தம்பி, நெஞ்சு படபடப்புக்குச் சாப்பிடுவேனே, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பத்து குடுப்பா.”

“எல்லாமே வெள்ளை மாத்திரைதான் பாட்டி. சீட்டு எங்க?”

பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு அட்டைத் துண்டை எடுத்தார். முன்பு வாங்கும்போது கத்தரியால் வெட்டிக் கொடுத்த துண்டு. மருந்தின் பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது. பாட்டியிடம் இருந்ததில் மூன்று எழுத்துகளும் ஒரு காலிக் குழியும்தான் மிச்சம். கடைப் பையன் நல்லவன். ஊகித்துக் கொடுக்காமல், “டாக்டர் சீட்டு எடுத்துட்டு வாங்க பாட்டி” என்று திருப்பி அனுப்பினான். அன்று அந்தப் பாட்டிக்குப் பெரிய உதவி செய்தவன் அவன்தான்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிகாக்ஸினாக இருந்திருக்கலாம். அதன் கதை 1775-ல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு மூதாட்டி உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ரகசியமாக வைத்திருந்த மூலிகைக் கலவை பற்றி வில்லியம் வித்தரிங் என்ற மருத்துவரிடம் கருத்துக் கேட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பச்சிலைகளில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற செடிதான் என்று அவர் கண்டுகொண்டார். டிகாக்ஸின் வருவதும் அந்தச் செடி இனத்திலிருந்துதான். உடனே புகழ் தேடி ஓடவில்லை. பத்து ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து, 1785-ல் எழுதிய புத்தகத்தில் பலித்தவை, பலிக்காதவை எல்லாவற்றையும் பதிந்தார். அளவு மிஞ்சினால் வாந்தி வரும், பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும், நாடி படுத்துவிடும் என்று அன்றே எச்சரித்தார். நம் வேலியோரத்து மஞ்சள் அரளியின் நஞ்சும் டிகாக்ஸினின் இனம்தான். டிகாக்ஸினுக்கு என்று செய்த முறிமருந்து அரளி நஞ்சையும் முறிக்கும் என்று இலங்கையில் நடந்த ஆய்வு 2000-ல் காட்டியது. குணமாக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல்.

அந்த இடைவெளி நாளுக்கு நாள் நகரவும் செய்கிறது. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தால் நேற்றுச் சரியாக இருந்த அளவு இன்று மிகை. இரண்டு நாள் பேதியானால் பொட்டாசியம் இறங்கி, அதே அளவு நஞ்சாகலாம். அமியோடரோன் என்ற இன்னொரு துடிப்பு மருந்து கூடச் சேர்ந்தால் டிகாக்ஸினை ஏறக்குறையப் பாதியாக்க வேண்டிவரும், வார்ஃபரினையும் குறைக்க வேண்டிவரும். அமியோடரோனில் அயோடின் நிறைய உண்டு. அதனால் தைராய்டையும் ஈரலையும் சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறார்கள். நிறுத்தினாலும் அது உடம்பை விட்டு முழுதாகப் போகப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். சளிக்கு வாங்கும் அசித்ரோமைசின் சில துடிப்பு மருந்துகளோடு சேர்ந்தால் துடிப்பையே குலைக்கலாம். வார்ஃபரினோ அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோமோ சாப்பிடுகிறவர் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைத் தடுமாற வைக்கிறது.

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிய இதயம் நம் நாட்டில் இன்னும் நிறையப் பேருக்கு, அதிலும் இளம்பெண்களுக்கு, இருக்கிறது. அடிக்கடி ரத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டாமே என்று அவர்களில் மேலறை தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மருந்து நல்லது என்று எதிர்பார்த்தார்கள். 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் பழைய வார்ஃபரின் வகைதான் கூடுதல் உயிர்களைக் காத்தது. சோதனைக்கு அடிக்கடி வந்து போனதால் கிடைத்த கவனிப்பும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அந்தக் கருத்து பிடிக்கிறது.

இத்தனையையும் யோசித்துப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. இந்த மருந்துகளில் பாதுகாப்பு என்பதை உடம்பு உணர்த்தாது. சௌகரியமாக இருப்பது அதற்குச் சாட்சி ஆகாது, அழகான இ.சி.ஜி.கூட முழுச் சாட்சி ஆகாது. யாராவது எண்ணிப் பார்த்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு, சோதித்துக்கொண்டு இருக்கும்வரைதான் அது இருக்கிறது. அந்த யாராவது டாக்டர் மட்டுமாக இருக்க முடியாது. இதய டாக்டருக்குப் பல் டாக்டர் கொடுத்தது தெரியாது, பல் டாக்டருக்குக் கடைக்காரர் கொடுத்தது தெரியாது. எல்லா மாத்திரையும் வந்து சேரும் ஒரே இடம் நோயாளிதான். அவருக்கு விளங்கும்படி சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஒதுக்குவதும் சிகிச்சையில் சேர்த்தி என்று மருத்துவமனைகள் எண்ண வேண்டும்.

வீட்டில் இதயத் துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், இன்றே அவரோடு உட்காருங்கள். ஒவ்வொரு மாத்திரையின் பெயர், அளவு, வேளை, எதற்காக என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். கீழே கடைசி ரத்தப் பரிசோதனையின் தேதியையும் குறியுங்கள். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மயக்கம் வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தத் தாளைக் காட்டாமல் எந்த டாக்டரிடமும் எந்தக் கடையிலும் புது மாத்திரை வாங்காதீர்கள், படபடப்பு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் சரி.