கோபுரம் கட்டுமுன் யாரைக் கேட்பது?



கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் இருந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என நம் ஆண்டவர் போதித்ததை லூக்காஸ் நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தன் பணத்தில் கட்டுகிறவனுக்கு அது போதும். கட்டுகிறவர் ஒருவர், ஆபத்தைச் சுமப்பவர் இன்னொருவர் என்றால், கணக்குப் பார்க்க யாரை அழைப்பது?

ஒஸ்திரியா நெடுங்காலக் கத்தோலிக்க நாடு. அங்கே டன்யூப் நதிக்கரையிலுள்ள சுவென்டன்டோர்ஃப் என்னும் ஊரில் 1972இல் அணுமின் நிலையம் கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடித்த பின்னரே மக்களைக் கேட்டார்கள். 1978 நவம்பர் 5ஆம் திகதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் 50.47 வீதத்தினர் வேண்டாம் என்றனர். வித்தியாசம் முப்பதினாயிரம் வாக்குகளுக்கும் குறைவு. நிலையத்தை ஆதரித்த அரசாங்கத் தலைவர் புரூனோ கிரைஸ்கி அத்தீர்ப்புக்குப் பணிந்தார். அந்த நிலையம் ஒருநாளும் இயங்கவில்லை.

பந்தலும் போட்டு, பலகாரமும் சுட்டபின் பெண்ணிடம் சம்மதம் கேட்பது போன்ற காரியம் இது. திருச்சபை அப்படிச் செய்வதில்லை. திருமணத்துக்கு முன்னதாகவே கோவிலில் அறிக்கை வாசிக்கிறது.

"அணு விஞ்ஞானம் நமக்கு என்ன தெரியும்? படித்தவர்கள் தீர்மானிக்கட்டும்" என்பார் பலர். ஆபத்து எவ்வளவு என்று படித்தவர் சொல்லலாம். அதைச் சுமக்கச் சம்மதமா என்பதை, சுமக்கிறவனல்லவா சொல்ல வேண்டும்? கூடங்குளத்துக்கு அருகேயுள்ள இடிந்தகரையில், 2011இலும் 2012இலும் லூர்து மாதா கோவில் முன்றலில் உண்ணாநோன்பிருந்த நம் மீனவ சகோதரரை எவரும் வாக்குச்சீட்டுக் கொடுத்துக் கேட்கவில்லை. கேட்டால் மக்கள் மறுத்தே விடுவார்கள் என்றும் இல்லை. 2024 ஒக்டோபர் 6ஆம் திகதி கஸகஸ்தான் மக்களைக் கேட்டபோது, வாக்களித்தோரில் ஏறக்குறைய 71 வீதத்தினர் அணுமின் நிலையத்துக்குச் சம்மதித்தார்கள்.

ஆயினும் கேட்பதிலும் வஞ்சகம் இருக்கலாம். விளக்கையும் குடத்தையும் சின்னமாக வைத்து 1982 டிசம்பர் 22இல் நம் நாட்டில் நடந்த ஒரேயொரு சர்வஜன வாக்கெடுப்பை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். பொதுத்தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டுவதற்காக நம்மைக் கேட்டார்கள்! ஆகவே, அத்திவாரம் போடுமுன், இரு பக்க உண்மைகளையும் மறைக்காமல் சொல்லி மக்களைக் கேட்பதே நீதி என்பது என் எண்ணம்.

வாக்களிப்பவருக்கும் கடமை உண்டு. அணு உலைக் கழிவிலுள்ள புளூட்டோனியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் செல்லும். பெத்லகேமில் பாலன் பிறந்து இன்னும் 2,100 ஆண்டுகள் ஆகவில்லை. அத்தனை தலைமுறைப் பிள்ளைகளுக்கும் வாக்குச்சீட்டு இல்லை. புள்ளடி இடும் தாய் தகப்பனே அவர்களுக்காகவும் இடுகிறார்கள்.

வேண்டாம் என்பதற்கும் விலை உண்டு. சுவென்டன்டோர்ஃப் நிலையத்துக்கு அருகிலேயே பின்னர் நிலக்கரி மின்நிலையம் ஒன்று எழுந்தது. 2019 வரை அங்கே நிலக்கரி எரிந்தது. அந்தப் புகையையும் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.